கோத்தகிரி கிரானோலா: எனக்குச் சரி, சர்க்கரை உள்ள அப்பாவுக்கும் தினமும் கொடுக்கலாமா?

கேட்டவர்: கோத்தகிரி டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். கட்டபெட்டு பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். காலை 7.40 பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு நிற்க வேண்டும். ஒன்றரை வருஷமாக என் காலைச் சாப்பாடு கிரானோலாதான், அதாவது ஓட்ஸும் கொட்டைகளும் தேனில் கலந்து ஓவனில் சுட்டது. சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப் பெட்டியில் வருவதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அக்கா பின்கட்டில் ஓவன் வைத்துச் செய்கிறார். செவ்வாயும் வெள்ளியும் சுடுவார். அந்த இரண்டு நாளும் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே, மூலை திரும்புவதற்கு முன்னால், தேங்காய் வறுபடும் வாசனையும் ஏலக்காயும் வந்துவிடும். கால் கிலோ கண்ணாடி பாட்டில் 240 ரூபாய். காலி பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோனால் 20 ரூபாய் குறைத்துக்கொள்வார். மலையில் பிளாஸ்டிக்கைத் தவிர்க்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம், இவர் செய்கிறார்.

நான் சாப்பிடும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், அளவு பற்றிப் பதில் சொல்ல உதவும். எங்கள் குளிரில் தயிர் தோய்வதே பெரும்பாடு. பாலைக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் உறை ஊற்றி, பழைய ஸ்வெட்டரில் சுற்றி, அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைப்பேன். காலையில் அந்தத் தயிர் ஒரு கிண்ணம், மேலே மூன்று குழிக்கரண்டி கிரானோலா, பாதி மலைவாழைப்பழம். அவ்வளவுதான். சாமை அவல் தேன் பட்டு ஓட்ஸோடு ஒட்டி, காசு அளவுக்குச் சின்னச் சின்ன அடைகளாக இருக்கும். பூசணி விதையும் முந்திரியும் நடுநடுவே அகப்படும். முதல் வாய் மொறுமொறு என்று இருக்கும். பாதிக்கு மேல் தயிரில் ஊறி வேறு ருசிக்கு வந்துவிடும். எனக்கு அந்தக் கடைசி நாலு கரண்டிதான் ரொம்பப் பிடிக்கும். பதினோரு மணி இடைவேளை வரை பசிக்காது. முன்பு ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டு ஓடிய நாட்களில் இரண்டாவது பீரியடிலேயே கை நடுங்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு 71 வயது. 34 வருஷம் டீ ஃபேக்டரியில் இருந்தவர். பச்சை இலை வாட்டும் மாடியில் வேலைக்குச் சேர்ந்து, ட்ரையரில் இருந்து ஓய்வு பெற்றார். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை. கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.4. போன வருஷம் ஆடியில் அம்மா தவறிய பிறகு அப்பா காலையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். ஒரு டம்ளர் டீ, இரண்டு வர்க்கி, அதுவும் நின்றபடியே. இட்லி ஊற்றி ஹாட் பாக்ஸில் வைத்துவிட்டுப் போவேன், மாலை வந்து பார்த்தால் அப்படியே இருக்கும். அம்மா எதிரில் உட்கார்ந்து பரிமாறிய சாப்பாடு அது. நான் வற்புறுத்தவில்லை.

இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பாட்டிலைத் திறந்து ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் பரப்பி, கட்டைவிரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் மெதுவாக முகர்ந்தார். தேயிலையைப் பார்க்கிற அதே மாதிரி. “நல்லா காய்ஞ்சிருக்கு கண்ணு. ஒரு ஓரம் மட்டும் தீ தூக்கலா பட்டிருக்கு” என்றார். அன்று சாயங்காலமே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் அசந்துவிட்டார். ஓவனின் பின்பக்க வலது மூலையில் சூடு அதிகமாம். வாங்குகிறவர்கள் யாரும் அதுவரை கண்டுபிடித்ததில்லை.

அடுத்த நாள் காலை அப்பா தானே ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். பதினைந்து மாதத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டோம். அன்றிலிருந்து தினமும் உட்காருகிறார்.

எனக்குச் சந்தோஷத்தோடு பயமும் இருக்கிறது. இதில் தேனும் நாட்டுச் சர்க்கரையும் இருக்கிறது. தினமும் கொடுக்கலாமா? எவ்வளவு? அக்கா ஒளிவு மறைவு இல்லாமல் ஒரு ஈட்டின் அளவைச் சொன்னார்: ஓட்ஸ் 1 கிலோ, சாமை அவல் 300 கிராம், முந்திரியும் விதைகளும் சேர்ந்து 400, தேங்காய்த் துருவல் 150, தேங்காய் எண்ணெய் 150, மலைத்தேன் 200, நாட்டுச் சர்க்கரை 100, உலர்திராட்சை 200. சுட்டு ஆறினால் சுமார் 2.4 கிலோ நிற்குமாம்.

அப்புறம் இன்னொன்று. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை அதிகம். பாட்டில் திறந்து நாலாம் நாளே நமத்துப் போகிறது. அப்பாவுக்குப் பல்செட் வேறு. பெரிய அடைகளைக் கடிக்கச் சிரமப்படுகிறார், ஆனால் சொல்ல மாட்டார்.

பதில்: தட்டும் அளவும், மதுரை

டீச்சர், நான் உணவியல் படித்து மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறேன். அளவுகளை இவ்வளவு தெளிவாகக் கொடுத்ததற்கு நன்றி. பெரிய நிறுவனங்களின் பெட்டியில்கூட ‘பொருட்கள்’ என்று வரிசைதான் இருக்கும், எந்தப் பொருள் எத்தனை கிராம் என்று தெரியாது. அந்த வரிசை எடை அதிகமானதில் தொடங்கிக் குறைவானதில் முடியும் என்பதை மட்டும் மற்ற வாசகர்கள் நினைவில் வையுங்கள். சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை. அதோடு நாட்டுச் சர்க்கரையும் சேர்த்தால் ஈட்டுக்குச் சுமார் 255 கிராம். 40 கிராம் கிரானோலா எடுத்தால் அதில் சேர்த்த இனிப்பு 4 கிராமுக்குச் சற்று மேல், அதாவது ஒரு சின்ன டீஸ்பூன். திராட்சையிலிருந்து இன்னும் 2 கிராம். மொத்த மாவுச்சத்து 23 கிராம் அளவுக்கு வரும், கிட்டத்தட்ட இரண்டு இட்லிக்குச் சமம். கலோரி 180க்கு மேல். மைதாவும் கொழுப்புமான வர்க்கியையும் டீயில் போடும் சர்க்கரையையும் பார்க்கும்போது, இது எவ்வளவோ நல்லது.

ஆனால் ‘மலைத்தேன்தானே, ஒன்றும் செய்யாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரத்தத்துக்குள் போனால் தேனும் சர்க்கரைதான். ஓட்ஸ் கொழுப்பைக் குறைக்கும் என்பதும் ஓரளவுக்கே பொருந்தும். அதில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் போனால் பலன் உண்டு. 1997இலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அப்படிப் பெட்டியில் எழுத அனுமதித்தது. உங்கள் அப்பாவின் கிண்ணத்தில் அது ஒரு கிராம்கூட இருக்காது. அதனால் மருந்தாக நினைக்காமல் நல்ல சாப்பாடாக நினைத்துக் கொடுங்கள்.

செய்ய வேண்டியது: குழிக்கரண்டியை நம்பாமல் ஒருமுறை தராசில் 40 கிராம் நிறுத்து, அது அப்பாவின் கிண்ணத்தில் எந்த மட்டத்துக்கு வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று குழிக்கரண்டி என்றால் எனக்கு 60 கிராம் தாண்டும் என்று தோன்றுகிறது. அவருக்கு வாழைப்பழம் வேண்டாம், பதிலாக நாலு துண்டு கொய்யா போடுங்கள். தயிர் தாராளமாக இருக்கட்டும், புரதம் அதில்தான் வருகிறது. குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடும் முன்பும், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும், மூன்று நாள் பாருங்கள். அந்த எண்களோடு அவருடைய டாக்டரிடம் பேசுங்கள். எனக்கு உண்மையில் கவலை தந்தது வேறு. மாத்திரை போட்டுவிட்டு வெறும் டீயோடு இருந்திருக்கிறார். சில வகை மாத்திரைகள் சாப்பாடு இல்லாவிட்டால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அவர் உட்கார்ந்து சாப்பிடுவதே பாதி வைத்தியம்.

பதில்: கம்பு வயல்

அம்மா, மனம் நோக வேண்டாம். ‘உள்ளூர் கிரானோலா’ என்கிறீர்கள், அதில் முதல் பொருளான ஓட்ஸ் உங்கள் மலையில் விளைந்ததா? நீலகிரியில் சாமையும் ராகியும் விளைந்த மேட்டு நிலம் முழுக்கத் தேயிலை வந்து உட்கார்ந்துவிட்டது. 2023ஐ உலகமே சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. நாம் இன்னும் ஓட்ஸில் இருக்கிறோம். ராகிக் களியோ, ஒரு சொம்பு கம்பங்கூழோ, மோரும் சின்ன வெங்காயமுமாகக் கொடுத்தால் அப்பாவுக்கு உடம்பும் தேறும், காசும் மிச்சம். நான் விவசாயி, ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

கோத்தகிரி டீச்சர்

ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஓட்ஸ் வெளியிலிருந்து வருவதுதான். தேன் மட்டும் எங்கள் மலையினுடையது. குறும்பர், இருளர் மக்கள் பாறைத் தேனடையிலிருந்து எடுப்பது. 1993இல் தொடங்கிய கீஸ்டோன் அமைப்பு இங்கே கோத்தகிரியில் இருந்துகொண்டு அவர்களோடு வேலை செய்து வருகிறது, அதனால் நல்ல தேன் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. சாமை அவலைக் கூட்ட முடியுமா என்று அக்காவிடம் கேட்கிறேன். ஆனால் களியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் களி கிண்டியது அம்மா. நான் கிண்டி வைத்தேன், அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து போனார். இந்தக் கிண்ணத்தில் அம்மாவின் கை இல்லை, அதனால்தான் அவரால் இதைச் சாப்பிட முடிகிறது என்று நினைக்கிறேன்.

பதில்: ஓவன்காரி, கோவை

டீச்சர், ஐந்து வருஷமாக நானும் வீட்டில் கிரானோலா செய்து விற்கிறேன். நமத்துப் போவதற்கு உங்கள் ஊர் மழை மட்டும் காரணம் இல்லை. பாறைத் தேனில் நீர் அதிகம், பெட்டித் தேனைப் போல் கெட்டியாக இருக்காது. அந்தத் தேனை நேராக ஊற்றிக் கலந்தால், சுட்ட பிறகும் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்: முதலில் நாட்டுச் சர்க்கரையைப் பாகு காய்ச்ச வேண்டும். கடலை மிட்டாய்க்குப் பார்ப்பது போல, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வருகிற பதம் போதும், உடைகிற அளவுக்கு வேண்டாம். அடுப்பை அணைத்து, எண்ணெயும் பாதி அளவு தேனும் அதில் கலந்து, பிறகு ஓட்ஸில் ஊற்ற வேண்டும். இனிப்பும் குறையும், மொறுமொறுப்பும் நிற்கும்.

150 டிகிரியில் அரை மணி நேரம். நடுவே ஒருமுறை கிளறுவதோடு, தட்டை முன்பின்னாகத் திருப்பி வைக்க வேண்டும். உங்கள் அப்பா கண்டுபிடித்த அந்த மூலைக்கு அதுதான் வழி. திராட்சையைச் சுட்ட பிறகே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லாகிவிடும், பல்செட்டுக்கு ஆகவே ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியம் ஆறவைப்பது. கைக்கு ஆறினாற்போல் இருக்கும், அடியில் வெதுவெதுப்பு இருக்கும். அப்போது பாட்டிலில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். நான் தட்டிலேயே இரண்டு மணி நேரம் விடுவேன்.

வீட்டில் நமத்துப் போனதைத் தூக்கிப் போடாதீர்கள். கனமான வாணலியில் சிறு தீயில் ஐந்தாறு நிமிஷம் புரட்டி, பரப்பி ஆறவிட்டால் திரும்பி வரும். ஆனால் காறல் வாடை அடித்தால், பழைய தேங்காய் எண்ணெய் போல, அதற்கு வழி கிடையாது. நமத்தது ஈரத்தால், காறியது எண்ணெய் கெட்டதால். வாரம் இருமுறை சுடுகிறவரிடம் வாங்கும்போது அந்தப் பயம் குறைவு, உள்ளூரில் வாங்குவதன் பெரிய லாபமே அதுதான். பாட்டிலில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும், சுட்ட தேதியும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சின்ன அளவில் செய்பவர்களுக்கும் பதிவு அவசியம்.

பதில்: யாழ்ப்பாணத்தான், சூரிச்

நான் இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். பல்செட் பற்றி எழுதியிருந்தீர்கள், அதற்காக எழுதுகிறேன். சூரிச்சில் பிர்ஹர் பென்னர் என்ற வைத்தியர் நூறு வருடத்துக்கு முன் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த மியூஸ்லியில் ஓட்ஸ் ஒரேயொரு மேசைக்கரண்டிதான். இரவே தண்ணீரில் ஊறவைத்து, காலையில் இரண்டு அப்பிளைத் தோலோடு துருவி, தேசிக்காய்ப் புளியும் (எலுமிச்சைச் சாறு), கொஞ்சம் ரின்பாலும் (டின்னில் வரும் கெட்டிப்பால்), அரைத்த கொட்டையும் சேர்ப்பார். அவருக்குப் பழம்தான் சாப்பாடு, தானியம் துணைக்கு. அமெரிக்காவில் 1863இல் ஜாக்சன் என்ற இன்னொரு வைத்தியர் செய்த ‘கிரானுலா’வும் ஊறவைப்பதுதான், அது கல்லுப் போல இருந்ததால் இரவு முழுக்க ஊறவைக்காமல் தின்ன முடியாதாம். ஆகவே ஊறவைப்பது ஒரு குறை இல்லை. அப்பாவின் பங்கை மட்டும் இருபது நிமிடம் முன்பே தயிரில் போட்டு வைத்து, மேலே ஒரு கரண்டி மட்டும் மொறுமொறுப்பாகத் தூவிக் கொடுங்கள். வடிவாக ஊறும். என் மாமனாருக்கு இப்படித்தான் கொடுத்தோம்.

கோத்தகிரி டீச்சர் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லாமல் விட மனசில்லை.

தராசில் நிறுத்தேன். மதுரைச் சகோதரி சொன்னது சரி, என் மூன்று குழிக்கரண்டி 66 கிராம். அப்பாவுக்கு இப்போது 40, கிண்ணத்தின் உள்பக்கக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. மீட்டரில் பார்த்த எண்கள்: டீயும் வர்க்கியும் சாப்பிட்ட நாள் இரண்டு மணி நேரம் கழித்து 214. பழைய அளவில் கிரானோலா, வாழைப்பழத்தோடு 190. 40 கிராம், திராட்சை பொறுக்கி எடுத்து, கொய்யாவோடு 166. டாக்டர் பார்த்துவிட்டு இப்படியே தொடரலாம், மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுப்போம் என்றார். மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட நேரம் மாற்றிக் கொடுத்தார்.

ஊறவைத்தது நன்றாக வேலை செய்கிறது. 6.50க்குத் தயிரில் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறேன், வந்ததும் மேலே தூவிக் கொடுக்கிறேன். அப்பா கன்னத்தைப் பிடிப்பதில்லை.

அக்காவிடம் பாகு விஷயத்தைச் சொன்னேன். முதல் ஈடு பாகு முறுகி எல்லாம் ஒரே பாறையாக ஒட்டிக்கொண்டது, இரண்டாவது சரியாக வந்தது. தேன் 100 கிராம்தான் போடுகிறார். கம்பு வயல் ஐயாவுக்காகச் சாமை அவலை 500 ஆக்கி, ஓட்ஸை 800க்குக் குறைத்தோம். அடைகள் கொஞ்சம் உதிர்கின்றன, ஆனால் ருசி கூடியிருக்கிறது, லேசாக வறுத்த அரிசியின் மணம். மழை விடாத வாரத்திலும் ஒன்பதாம் நாள் வரை நமக்கவில்லை.

பாகு தவறிய அன்று அக்கா பதறி எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவிடம்தான் கேட்டார். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு கூடவே போனார். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்குப் போய்விடுகிறார். ஓவன் கதவைத் திறந்ததும் ஒரு பிடி எடுத்துத் தேய்த்துப் பார்த்து, எடுக்கலாமா, இன்னும் இரண்டு நிமிஷமா என்று சொல்கிறார். ட்ரையரிலிருந்து வரும் தேயிலையில் மூன்று சதவீதம் ஈரம் நிற்க வேண்டும் என்பது அவர் கைக்குப் பழகிய கணக்கு. அதைவிட நின்றால் மூட்டையிலேயே பூசணம், குறைந்தால் கருகல். இதற்கும் அதேதான் என்கிறார்.

பாட்டில் லேபிளில் தேதி எழுதும் வேலையையும் வாங்கிக்கொண்டார். ஃபேக்டரி ரிஜிஸ்டரில் எழுதிய அதே சாய்வான எழுத்து. நேற்று வாங்கிவந்த பாட்டிலில் இப்படி இருக்கிறது: ‘வெள்ளி, இரண்டாம் தட்டு, திருப்பி வைத்தது.’